மே மாதம் தண்ணீர் இருக்குமா? பம்பர் போட் தொழில் தொடங்க நினைப்பவருக்குப் பதில்

வாசகர் கடிதத்தின் சுருக்கம்: மணப்பாறை பக்கம் எங்கள் ஊர். வயது 34. கத்தாரில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். கையில் 11 லட்சம் இருக்கிறது. பம்பர் போட், அதாவது சுற்றிலும் காற்றடைத்த டியூப் வைத்து ஒன்றோடொன்று மோதி விளையாடும் சின்ன பேட்டரிப் படகு விட்டு ஒரு சின்னத் தொழில் தொடங்க ஆசை. இரண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று எங்கள் ஊர்க் குளம். மீன்பாசி குத்தகை எடுத்திருப்பவர், ஒரு ஓரத்தை எனக்கு உள்குத்தகைக்கு விடுகிறேன், வருடத்துக்கு 60,000 கொடுங்கள் என்கிறார். இன்னொன்று திண்டுக்கல் சாலையில் ஒரு ஹோட்டலுக்குப் பின்னால் இருக்கும் பண்ணைக்குட்டை. கால் ஏக்கர், 10 அடி ஆழம், தார்ப்பாய் விரித்தது. மாத வாடகை 15,000, அட்வான்ஸ் 2 லட்சம். போட் ஒன்று 85,000 என்று விலை சொல்லியிருக்கிறார்கள், எட்டு வாங்கலாம் என்று இருக்கிறேன். ஏற்காட்டில் படகுக்கு நிற்கிற கூட்டத்தைப் பார்த்துத்தான் இந்த யோசனையே வந்தது. எந்த இடத்தை எடுக்கலாம், ஐயா?

தம்பி, கடிதத்தோடு குளத்தின் படத்தையும் அனுப்பியிருந்தீர்கள். கரை வரை தண்ணீர் தளும்புகிறது, பார்க்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் அது எந்த மாதம் எடுத்த படம் என்று நீங்கள் சொல்லவில்லை. கலிங்கில் தண்ணீர் வழிவதைப் பார்த்தால் டிசம்பராகத்தான் இருக்கும். நான் கேட்பது மே மாதப் படம். அதே குளம், அதே கரை, மே 10ஆம் தேதி எப்படி இருக்கும்? அந்தப் படம் உங்களிடம் இல்லையென்றால் ஊரில் ஆடு மேய்ப்பவர்களிடம் கேளுங்கள், எந்த மாதம் குளத்துக்குள் ஆட்டை இறக்கி மேய்த்தார்கள் என்று சரியாகச் சொல்வார்கள்.

இந்தத் தொழிலில் எல்லாமே இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது. நம் பக்கத்துக் குளங்கள் வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பருக்குள் நிரம்பி, பங்குனி சித்திரையில் வற்றிவிடும். படகு ஏற ஆள் வருவதோ ஏப்ரல், மே பள்ளி விடுமுறையில். தண்ணீர் இருக்கும்போது மழையும் பரீட்சையும் இருக்கும், அதனால் கூட்டம் இல்லை. கூட்டம் வரும்போது தண்ணீர் இல்லை. நடுவில் பொங்கல் விடுமுறை ஒன்றுதான் இரண்டும் சேர்ந்து கிடைக்கிற நாட்கள். ஏற்காடு, ஊட்டி, கொடைக்கானலில் படகு நன்றாக ஓடுகிறது என்றால், அங்கே மே மாதத்தில் ஏரியிலும் தண்ணீர் இருக்கிறது, சமவெளியில் வெயில் தாங்காமல் மேலே ஏறுகிற கூட்டமும் இருக்கிறது. போதாததற்கு அதே மாதத்தில் கோடை விழாவும் வருகிறது. அதை மணப்பாறையோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டால் முதல் கோடையிலேயே கை சுட்டுவிடும். தண்ணீர் குத்தகை என்றால் எத்தனை ஏக்கர் என்று பார்க்காதீர்கள். மூன்றடித் தண்ணீர் வருடத்தில் எத்தனை நாள் நிற்கும், அந்த நாட்களில் எத்தனை ஞாயிறும் விடுமுறையும் விழும் என்று பாருங்கள். நீங்கள் காசு கொடுப்பது அந்த நாட்களுக்குத்தான்.

குளத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் பேசுவதற்கு அதிகம் இல்லை. எடுக்காதீர்கள். மீன்பாசி குத்தகை எடுத்தவருக்குக் கிடைத்திருப்பது மீன் வளர்த்துப் பிடித்துக்கொள்ளும் உரிமை மட்டும், அதுவும் பசலிக் கணக்கில், அதாவது ஜூலையில் தொடங்கி அடுத்த ஜூன் வரை. தண்ணீரின் மேல் படகு விட இன்னொருவருக்கு அனுமதி கொடுக்க அவரால் முடியாது. அவரிடம் இல்லாத ஒன்றை உங்களுக்கு 60,000 ரூபாய்க்கு விற்கிறார். அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம், அவருக்கே இது தெரியாமலும் இருக்கலாம், ஆனால் நாளைக்கு யாராவது மனுப் போட்டால் உங்கள் கையில் காட்டுவதற்கு ஒரு காகிதம் இருக்காது. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம் உள்ள குளமென்றால் பொதுவாக நீர்வளத் துறையின் பொறுப்பு, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. உண்மையான அனுமதி அங்கிருந்து ஏலமோ டெண்டரோ வைத்துத்தான் வர வேண்டும். நீர்வளத் துறைக் குளமென்றால், கரையில் நீங்கள் போடும் டிக்கெட் கொட்டகையும் படகுத்துறையும் 2007ஆம் ஆண்டு வந்த ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டத்தில் ஆக்கிரமிப்பு என்று வந்து நிற்கும். அப்புறம் ஆயக்கட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். மதகைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விடும் நாளில், என் போட்டுக்கு மூன்றடி வேண்டும், மூடுங்கள் என்று நீங்கள் போய்ச் சொல்ல முடியுமா? சொல்லவும் கூடாது, அது அவர்கள் தண்ணீர்.

இன்னொரு காரணமும் உண்டு. மீன் பிடிக்கிற குளத்தில் அறுந்த வலை நூல் எங்கேயும் கிடக்கும். அந்த நைலான் நூல் புரொப்பல்லர் தண்டில் சுற்றிக்கொண்டால் சுற்றச் சுற்ற இறுகி, ஆயில் சீலை அறுத்துவிடும், தண்ணீர் மோட்டாருக்குள் போய்விடும். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஒரு வாரம் கழித்து மோட்டார் நின்றுவிடும். ஆகாயத்தாமரை இருந்தாலும் இதே தொல்லைதான்.

இனி ஹோட்டல். உங்கள் இரண்டு இடங்களில் இதுதான் சரியான இடம். நான்குவழிச் சாலை, பஸ்ஸும் காரும் தானாக வந்து நிற்கும், சாப்பிட்டு முடித்த குடும்பத்துக்கு அரை மணி நேரம் இருக்கும், பிள்ளைகள் நச்சரிக்கும். பெரியவர்களே பம்பர் போட்டுக்கென்று வீட்டிலிருந்து கிளம்பி வருவது இந்த ஊர்ப் பக்கம் குறைவு, ஏற்கெனவே கூட்டம் நிற்கும் இடத்தில் நீங்கள் போய் நிற்க வேண்டும். ஆனால் இடம் சரி என்றாலும் அந்தக் குட்டை இப்போது இருக்கிற மாதிரி சரியில்லை.

பத்தடி ஆழம், சரிவான பக்கங்கள், அதன் மேல் 500 மைக்ரான் தார்ப்பாய். ஒரு நாள் நீங்களே இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, மேலே இரண்டு பேரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, உள்ளே இறங்கி ஏறிப் பாருங்கள். நன்றாக நீச்சல் தெரிந்தவனாலும் ஏற முடியாது. பாசி படிந்த தார்ப்பாயில் கால் வைத்தால் வழுக்கும், கையில் பிடிக்க ஒன்றும் கிடைக்காது, ஏற ஏறச் சறுக்கிக்கொண்டே இருக்கும். பண்ணைக்குட்டைகளில் பிள்ளைகள் இறந்துபோகும் செய்தி வருகிறதே, பாதிக்குப் பாதி இதுதான் காரணமோ என்று நான் நினைப்பதுண்டு. ஆழத்தைவிட அந்தச் சரிவுதான் ஆளை விடாது. பம்பர் போட்டுக்கு இரண்டரை அடி, மூன்றடித் தண்ணீர் தாராளம். தேவையில்லாத ஏழடி ஆழத்தை வைத்துக்கொண்டு ஏன் தினமும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொள்ள வேண்டும்? பெரியவர் விழுந்தால் எழுந்து நிற்க வேண்டும், அவ்வளவு ஆழம் போதும்.

அதனால் உரிமையாளரிடம் இப்படிக் கேளுங்கள். குட்டை எதற்காக வெட்டியது, மானியம் வாங்கி வெட்டியதா? மானியத்தில் விவசாயத்துக்கென்று வெட்டியது என்றால் அதைத் தொடாதீர்கள், அதை வேறு வேலைக்கு மாற்றினால் பிரச்சினை அவருக்கும் வரும், உங்களுக்கும் வரும். சொந்தக் காசில் வெட்டியது என்றால் மண் கொட்டி மூன்றரை அடிக்கு மேடாக்கி, மேலே புதிதாக ஷீட் விரித்துக்கொள்ளச் சம்மதிப்பாரா என்று கேளுங்கள். இரண்டுமே ஆகாது என்றால் குட்டையை விட்டுவிட்டு, பக்கத்தில் காலியாகக் கிடக்கும் நிலத்தில் 60 அடிக்கு 50 அடி இடத்தைக் குத்தகைக்குக் கேளுங்கள். அதில் மூன்றரை அடி ஆழத்துக்கு நீங்களே ஒரு தொட்டி அமைத்துக்கொள்ளலாம். எனக்கு இந்த மூன்றாவது வழிதான் பிடித்திருக்கிறது. காரணம் தண்ணீர்க் கணக்கு.

கோடையில் நம் உள் மாவட்டங்களில் திறந்த தண்ணீர் ஒரு நாளுக்கு 6, 7 மில்லிமீட்டர் ஆவியாகிவிடும். கால் ஏக்கர் குட்டை என்றால் அது ஏறக்குறைய 7,000 லிட்டர், ஒவ்வொரு நாளும். 60க்கு 50 அடித் தொட்டியில் 2,000 லிட்டர்தான். மே மாதம் முழுக்க டேங்கர் அடிக்க வேண்டி வந்தாலும் இரண்டாவதைத் தாங்கலாம், முதலாவதைத் தாங்க முடியாது. நாலு போட் ஓட அந்த இடம் போதும், சொல்லப்போனால் சின்ன இடத்தில்தான் மோதல் அதிகம், பிள்ளைகள் காசு கொடுப்பதே மோதத்தானே.

அந்தக் குட்டைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றும் பார்த்தீர்களா? இலவச விவசாய மின் இணைப்பில் ஓடும் மோட்டார் என்றால் அந்தத் தண்ணீரில் டிக்கெட் போட்டுத் தொழில் செய்யக் கூடாது. அந்த இணைப்பிலிருந்து ஒரு ஒயரை இழுத்து பேட்டரி சார்ஜ் போடவும் கூடாது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் இது அனுமதியில்லாத பயன்பாடு, உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடுவார்கள். வணிக இணைப்பு வாங்கிக்கொள்ளுங்கள், கொஞ்சம் செலவானாலும் இரவில் நிம்மதியாகத் தூங்கலாம். போர்வெல் போடுவதாக இருந்தால் உங்கள் குறுவட்டம் நிலத்தடி நீர் வகைப்பாட்டில் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, வணிக உபயோகத்துக்கு என்று சொல்லியே அனுமதி கேளுங்கள்.

தண்ணீர் சுத்தம் பற்றி ஒரு வார்த்தை. பம்பர் போட்டில் தண்ணீர்த் துப்பாக்கி வைத்து விற்பார்கள், பிள்ளைகளுக்கு உயிர். தேங்கிய குட்டைத் தண்ணீரில் அதை வைக்கவே வைக்காதீர்கள். நேராக மூக்கிலும் வாயிலும் அடிக்கிறது. எலிக்காய்ச்சல் ஒரு பக்கம். 2024இல் கேரளாவில் அமீபா மூளைக்காய்ச்சல் வந்து பிள்ளைகள் இறந்தது ஞாபகம் இருக்கும், அது வெதுவெதுப்பான தேங்கிய தண்ணீர் மூக்குக்குள் போவதால் வருவது. நம் மே மாதக் குட்டை அந்த வெதுவெதுப்பில்தான் இருக்கும். சின்னத் தொட்டி, ஃபில்டர், குளோரின், தினமும் காலையில் சோதனைக் குப்பியில் பார்த்து 1 முதல் 3 பிபிஎம் இருக்கிறதென்று ஒரு நோட்டில் எழுதி வைப்பது, இவ்வளவும் இருந்தால் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். கால் ஏக்கர் குட்டையில் இது நடக்காத காரியம்.

சரி, காசுக் கணக்குக்கு வருவோம். எட்டு போட் வேண்டாம். ஐந்து வாங்குங்கள், நாலு ஓடட்டும், ஒன்று கையிருப்பில் இருக்கட்டும். ஒரு ரவுண்டு ஆறு நிமிடம், ஆள் இறக்கி, ஜாக்கெட் கழற்றி, அடுத்தவருக்கு மாட்டி ஏற்ற நாலு நிமிடம். மணிக்கு ஆறு ரவுண்டு, நாலு போட், 24 டிக்கெட். ஞாயிறு சாயங்காலம் 4 முதல் 6.30 வரை முழுசாக ஓடினாலே 60 டிக்கெட்தான். அதில் 40 போகிறதென்று வையுங்கள், இரண்டு பேர் உட்காரும் போட்டுக்கு 150 ரூபாய், ஞாயிறு 6,000. சனிக்கிழமை பாதி, 3,000. வார நாளில் மூன்று டிக்கெட் போனால் பெரிது. மாதத்துக்கு எல்லாம் சேர்த்து 46,000 பக்கம் வரும். செலவைப் பாருங்கள். மாதச் சம்பளத்துக்கு இரண்டு பேர், ஆளுக்கு 14,000 என்றால் 28,000. கரண்ட், ரிப்பேர், இன்சூரன்ஸ், பேட்டரிக்கு எடுத்து வைப்பது எல்லாம் 8,000. வாடகை 15,000. மொத்தம் 51,000. மாதம் 5,000 கையிலிருந்து போகும், உங்கள் உழைப்புக்கு ஒரு ரூபாய் கிடையாது.

இதே கணக்கை வேறு மாதிரி போடுங்கள். வார நாளில் திறக்காதீர்கள். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை, அப்புறம் பள்ளி விடுமுறை முழுக்க, அவ்வளவுதான். ஆட்களுக்கு நாள் கூலி 700, இரண்டு பேர், எட்டு நாளுக்கு 11,200. வரவு 36,000. வாடகைக்குப் பதிலாக வசூலில் 20 சதவீதம், 7,200. மற்ற செலவு 7,000. கையில் 10,600 நிற்கும். மே மாதம் தினசரி சராசரி 3,500 வசூலானால் கூலி, பங்கு, மற்றது எல்லாம் போக 30,000க்கு மேல் நிற்கும். மழை மாதங்களில் சில வாரம் அப்படியே போய்விடும். வருடத்துக்கு ஒன்றரை லட்சம் தேறினால் நல்ல வருடம். நீங்கள் போடப்போவது ஆறு, ஆறரை லட்சம் என்றால் முதல் வந்து சேர நாலு வருடத்துக்கு மேல் ஆகும். இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, இதுதான் இந்தத் தொழிலின் அளவு. பக்கத் தொழிலாக வைத்தால் நன்றாக நிற்கும், இதை மட்டுமே நம்பி குடும்பம் நடத்த முடியாது. உங்கள் கையில் ஏசி வேலை இருக்கிறது, அதை விடாதீர்கள். ஏசிக்கும் சீசன் ஏப்ரல், மேதான் என்பது எனக்குத் தெரியும், ஆனால் அது காலை வேலை, இது சாயங்கால வேலை. நடு வெயிலில் எப்படியும் யாரும் போட் ஏறப்போவதில்லை.

அதனால் உரிமையாளரிடம் வாடகை பேசாதீர்கள், பங்கு பேசுங்கள். உங்களால் அவர் ஹோட்டலில் காபியும் பஜ்ஜியும் கூடுதலாக விற்கும், அதை எடுத்துச் சொல்லுங்கள். வசூலில் 20 சதவீதம், அட்வான்ஸ் 50,000க்கு மேல் வேண்டாம். அவர் குட்டையையே எடுக்கும்படி ஆனால் ஒரு காரியம் செய்யுங்கள். சுவரோரம் அடிக்கணக்குப் போட்ட ஒரு அளவுகோலை நட்டு, தண்ணீர் இரண்டரை அடிக்குக் கீழே போனால் அந்த நாட்களுக்கு உங்களிடமிருந்து ஒன்றும் வராது, தண்ணீர் நிரப்புவது யார் பொறுப்பு, மின்சாரம் யார் கணக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதி, வாரா வாரம் இருவரும் அளவைப் பார்த்து நோட்டில் கையெழுத்துப் போடுங்கள். வாய்ப்பேச்சில் இருப்பது முதல் வறட்சியில் மறந்துபோகும்.

ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்கு வேண்டும், முதல் வரவே நாலு வருடம் ஆகும்போது 11 மாத ஒப்பந்தம் போட்டு மண்ணைத் தோண்டுவது தற்கொலை. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும், 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அது. பத்திரத்தின் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று வக்கீலிடம் கேளுங்கள். குத்தகை என்றால் அந்த இடத்தின் அனுபோகம் உங்கள் கைக்கு வருகிறது. வெறும் உரிமம் என்றால் அங்கே வந்து தொழில் செய்துகொள்ள ஒரு அனுமதி, அவ்வளவுதான், மனசு மாறினால் எழுந்து போகச் சொல்வது சுலபம். ஹோட்டலை அவர் விற்றுவிட்டால், அவர் பிள்ளைகள் பாகம் பிரித்தால், நீங்கள் போட்ட தொட்டிக்கும் வேலிக்கும் என்ன ஆகும் என்பதும் உள்ளே இருக்க வேண்டும். பட்டாவும் வில்லங்கச் சான்றும் நீங்களே எடுத்துப் பாருங்கள், நிலம் அவர் பெயரில்தான் இருக்கிறதா, வங்கியில் அடமானம் இருக்கிறதா என்று.

அனுமதிகளைப் பொறுத்தவரை ஊராட்சியில் தொழில் உரிமம், கேளிக்கை வரி உண்டா என்ற கேள்வி, மாவட்டச் சுற்றுலா அலுவலரிடம் நீர் விளையாட்டுக்கு என்ன பதிவு வேண்டும் என்பது, 2021ஆம் ஆண்டு உள்நாட்டுக் கப்பல்கள் சட்டத்தின் கீழ் மோட்டார் வைத்த உங்கள் போட்டுக்குப் பதிவு வேண்டுமா என்பது, இவை நாலையும் மனுவாக எழுதிக் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்குங்கள். வேண்டாம் என்று வாயால் சொன்ன அதிகாரி மாற்றலாகிப் போய்விடுவார், காகிதம் உங்களிடம் இருக்கும். ஜிஎஸ்டி இப்போதைக்குத் தொந்தரவில்லை, சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சம் தாண்டினால்தான் பதிவு. உங்கள் ஏசி வேலை வரவும் அதோடு சேரும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

போட் வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காதீர்கள், கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தைப் பாருங்கள். புரொப்பல்லரைச் சுற்றி முழுக் கூண்டு இருக்க வேண்டும், கை விரல் உள்ளே நுழையக் கூடாது. பேட்டரியைக் கார் பேட்டரியாக வைத்துத் தள்ளிவிடுவார்கள், அது ஆறு மாதம் தாங்காது, சார்ஜ் ஆழமாக இறங்கி ஏறுவதைத் தாங்கும் டியூபுலர் வகை வேண்டும். 12 வோல்ட், 100 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்காமல் ஓட்டினால்தான் ஆயுள் நிற்கும். மோட்டார் 30 ஆம்பியர் இழுத்தால் ஒரு மணி நாற்பது நிமிடம் வரும். இரண்டரை மணி நேர சாயங்காலத்தில் போட் உண்மையாக ஓடுவது ஒன்றரை மணி நேரம், ஒரு சார்ஜில் சரியாக முடிந்துவிடும். மே மாதம் காலையும் ஓட்ட நினைத்தால் இரண்டாவது செட் வேண்டும், எட்டுப் பத்து மணி நேர சார்ஜுக்கு நடுவில் நேரம் இருக்காது. மின்சாரம் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் ஈரக் கையோடு பையன்கள் சார்ஜரைத் தொடுவார்கள், மின்சாரம் கசிந்தால் உடனே நிறுத்திவிடும் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் போடாமல் ஒரு நாள்கூட ஓட்ட வேண்டாம். டியூபில் காலையிலேயே விறைப்பாகக் காற்று அடித்து வெயிலில் போட்டால் மதியம் தையல் பிரிந்துவிடும். காலையில் கொஞ்சம் தொய்வாக விடுங்கள், வெயில் ஏற ஏற அதுவே இறுகிக்கொள்ளும்.

இப்போது எனக்கு முக்கியமான விஷயம். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள், ஒரே குடும்பக் கூட்டம். 2024 ஜனவரி 18 அன்று வதோதராவில் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலா வந்த 12 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். அது ஆற்று வெள்ளமோ கடலோ இல்லை, ஊருக்குள் இருக்கும் ஏரி, மாநகராட்சியிடம் ஒப்பந்தம் எடுத்து நடத்திய போட்டிங். அளவுக்கு மேல் ஏற்றியிருந்தார்கள், பல பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் இல்லை. உங்கள் போட் சின்னது, தண்ணீர் மூன்றடி, அதற்கும் இதற்கும் என்ன என்று நினைக்கலாம். நாலு வயதுப் பிள்ளைக்கு மூன்றடி மூக்கு வரை வந்துவிடும்.

லைஃப் ஜாக்கெட் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று மூட்டையாக வாங்காதீர்கள். மிதக்க வைக்கும் விசை 50 நியூட்டன் என்று போட்டிருந்தால் அது நீச்சல் தெரிந்தவருக்கு ஒரு துணை, அவ்வளவுதான். 100 நியூட்டன் வேண்டும், லைஃப் ஜாக்கெட்டுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 12402 என்று அச்சிட்டிருக்க வேண்டும். அச்சையும் நம்பாதீர்கள், ஒவ்வொரு அளவிலும் பெரியவர் ஜாக்கெட் ஒன்றை எடுத்து 8 கிலோ இரும்பு எடைக்கல்லைக் கட்டி ஒரு நாள் முழுக்கத் தொட்டியில் போட்டு வையுங்கள், மறுநாளும் மிதக்க வேண்டும். பிள்ளைகளுக்குச் சின்ன அளவு தனியாக வேண்டும், கால் இடுக்கில் போடும் பட்டையோடு. மாட்டிய பிறகு உங்கள் வேலையாள், ஜாக்கெட்டின் இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது அந்தப் பிள்ளைக்கு ஆகாது, வேறு எடுக்க வேண்டும். அளவு இல்லை என்றால் டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அப்பா எவ்வளவு சத்தம் போட்டாலும். துப்பட்டா, சேலைத் தலைப்பு, பின்னாத முடி மூன்றையும் ஏறுவதற்கு முன் கட்டச் சொல்ல வேண்டும், கட்டாதவருக்கு ஒரு பின் கொடுங்கள், கவுண்டரில் ஒரு டப்பா வைத்திருங்கள். கர்ப்பிணிகளும் கழுத்து, முதுகு வலி உள்ளவர்களும் வேண்டாம், மோதும்போது தலை வெட்டி இழுக்கும்.

ஆட்கள் இரண்டு பேரும் நீச்சல் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும், 18 வயது தாண்டியிருக்க வேண்டும். ஒருவர் ஏற்றி இறக்குவார். இன்னொருவர் தண்ணீரைப் பார்ப்பார், அவர் டிக்கெட் கிழிக்கக் கூடாது, போன் பார்க்கக் கூடாது, சில்லறை மாற்றப் போகக் கூடாது. அவர் கையில் போட்களை நிறுத்தும் ஒரு கட்-ஆஃப் சுவிட்சு, விசில், நீளக் கழி, கயிறு கட்டிய மிதவை வளையம். சுற்றிலும் ஐந்தடி வேலியும் பூட்டும் வேண்டும், ஏனென்றால் நீங்கள் பூட்டிவிட்டுப் போன செவ்வாய்க்கிழமை மதியம் ஹோட்டலுக்கு வந்த ஒரு பிள்ளை பின்பக்கம் விளையாடப் போகும்.

'எங்கள் பொறுப்பல்ல' என்று போர்டு வைத்துவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று போட் விற்பவர் சொல்லியிருப்பார். தப்ப முடியாது. கவனக்குறைவால் மரணம் என்றால் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை சிறை, நுகர்வோர் வழக்கு தனி. பொதுமக்கள் பொறுப்புக் காப்பீடு எடுங்கள், பம்பர் போட் நீர் விளையாட்டு என்று பாலிசியில் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரும் இதே மாதிரி இருக்கும், அது ஆபத்தான ரசாயனம் வைத்திருக்கும் ஆலைகளுக்கானது, அந்தப் பாலிசியைக் கையில் கொடுத்துவிடப் போகிறார்கள், பார்த்து வாங்குங்கள்.

செய்யலாமா வேண்டாமா என்று கேட்டால், செய்யுங்கள். ஹோட்டல் பின்பக்கம், உங்கள் சொந்த மூன்றரை அடித் தொட்டி, ஐந்து போட், பங்கு முறை, சனி ஞாயிறு. உரிமையாளர் பங்குக்கு ஒத்துக்கொள்ளாமல் 15,000 வாடகையிலேயே நின்றால் எழுந்து வந்துவிடுங்கள், அந்தச் சாலையில் ஹோட்டல் அவருடையது ஒன்று மட்டுமில்லை. பத்திர நகலை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் எனக்கு அனுப்புங்கள், கொடுத்த பிறகு வேண்டாம். திறப்பு விழாவைக் காணும் பொங்கல் அன்றோ மே மாத முதல் ஞாயிறோ வைக்காதீர்கள், கூட்டத்தில் பையன்களுக்குக் கை கால் ஓடாது. பிப்ரவரியில் ஏதாவது ஒரு சாதாரண சனிக்கிழமையாகப் பார்த்து, இரண்டு போட்டை மட்டும் இறக்கி, சொந்தக்காரப் பிள்ளைகளை ஏற்றி ஓட்டிப் பாருங்கள்.